எல்லாமே ஏஐ இல்லைங்க

இறக்கை சுற்றாமலே வானத்தில் மிதந்து போகும் ஹெலிகாப்டர் வீடியோ ஒன்று அடிக்கடி சுற்றுக்கு வரும், பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் அதற்குக் கீழே "செம கிராபிக்ஸ்" என்று எழுதுவார்கள். இப்போது "ஏஐ". அவ்வளவுதான், அடுத்த ரீலுக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். கிராபிக்ஸும் தேவையில்லை, ஏஐயும் தேவையில்லை. சாதாரண கேமராவில் தானாகவே விழக்கூடிய காட்சி அது.

ஐந்து இறக்கை உள்ள ஹெலிகாப்டர், நொடிக்கு 5 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படம், எடுக்கிறது. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒவ்வொரு இறக்கையும் நகர்ந்து, தனக்கு முன்னால் போன இறக்கையின் இடத்தில் அச்சாக வந்து நிற்கும். எல்லா இறக்கையும் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கும்? அதனால் எல்லா ஃபிரேமும் ஒரே படம். ஷட்டர் வேகமும் அதிகமாக இருந்துவிட்டால் இறக்கை கலங்காமல் பளிச்சென்று பதிவாகும். பழைய படங்களில் வண்டிச் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுமே, அது இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகினால் நடப்பது.

எதைக் கண்டாலும் நம்பி ஃபார்வர்ட் செய்கிறவரைக் கிண்டல் பண்ணுகிறோம். எதைக் கண்டாலும் "ஏஐ" என்கிறவர் மட்டும் உஷாரான ஆள் மாதிரி நடமாடுகிறார். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் ஒரே கட்சி. படத்தை இரண்டாவது முறை பார்க்க இருவருக்குமே பொறுமை கிடையாது. நிஜமான ஏஐ போலிகள் குவிந்து கிடக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து, எதையும் யோசிக்காமல் தப்பித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

நிலா படத்தையே எடுங்கள். மலை உச்சியில் ஒருவர் நிற்பார், பின்னால் அவர் உயரத்துக்கே பிரம்மாண்டமாக ஒரு நிலா. உடனே "ஃபேக்". நிலா நம் கண்ணுக்கு ஏறக்குறைய அரை டிகிரி அகலம்தான். சராசரி உயரமுள்ள ஓர் ஆள் 200 மீட்டர் தள்ளி நின்றால் அவரும் அதே அரை டிகிரிதான். போட்டோகிராபர் அவ்வளவு தூரம் பின்னால் போய், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக இழுத்துக் காட்டும் டெலிலென்ஸ் போட்டால் வேலை முடிந்தது. நிலா பெரிதாகவில்லை, ஆள்தான் சின்னதாகிவிட்டார்! லாக்டவுன் காலத்தில் தெருக்களில் கூட்டம் முண்டியடிப்பது போல வந்த சில படங்களிலும் இந்த வித்தை உண்டு. 2020-இல் டென்மார்க் போட்டோகிராபர்கள் ஒரே இடத்தை டெலிலென்ஸிலும் வைட் லென்ஸிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். டெலிலென்ஸ் படத்தில் ஆட்கள் ஒட்டி நிற்கிறார்கள், வைட் லென்ஸ் படத்தில் தாராளமாக இடைவெளி.

1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' வந்தபோது கமல் எப்படிக் குள்ள அப்பு ஆனார் என்பது பெரிய புதிர். முழங்காலை மடக்கி அதில் தனி ஷூ மாட்டினார்கள், சில ஷாட்டுக்குக் குழி தோண்டி அதில் இறங்கி நின்றார் என்றெல்லாம் பிறகு வெளியே வந்தது. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் வேலையே கிடையாது. முக்கியம் என்னவென்றால், விடை வருவதற்கு முன் எத்தனை வருடம் எத்தனை பேர் ஆளுக்கொரு தியரி வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்! இன்று அந்தப் படம் வந்திருந்தால் அந்தச் சண்டை ஒரு மணி நேரம் தாங்குமா, சந்தேகம்தான்.

"ஒரிஜினலா, எடிட் பண்ணினதா?" என்ற கேள்வியே பல சமயம் உதவாது. இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற ஊரில் 1917-இல் எல்சி, பிரான்சஸ் என்ற இரண்டு பெண்கள் தேவதைகளோடு படம் எடுத்தார்கள். எல்சிக்கு 16 வயது, பிரான்சஸுக்கு 9. நெகட்டிவைப் பரிசோதித்த நிபுணர் ஒருவர் அதில் எந்தத் திருட்டு வேலையும் இல்லை என்றார். ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கோனன் டாயிலே நம்பி, 1920-இல் பத்திரிகையில் எழுதினார். நெகட்டிவ் விஷயத்தில் நிபுணர் சொன்னது தப்பில்லை. ஏமாற்று வேலை கேமராவுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அட்டையில் தேவதை வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியிருந்தார்கள். இருவரும் இதை ஒத்துக்கொண்டது 1983-இல், பாட்டிகளான பிறகு. துப்பறியும் கதைக்கே இலக்கணம் எழுதியவரை ஒரு பள்ளிக்கூடச் சிறுமியும் அக்காவும் கவிழ்த்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இதில் இன்னொரு கிளைக்கதை உண்டு. மொத்தம் ஐந்து படம். ஐந்தாவது 1920-இல் எடுத்தது: புல்லுக்கு நடுவே மங்கலாக, ஊடுருவித் தெரியும் உருவங்கள். நான்கும் பொய், இது மட்டும் நிஜம் என்று பிரான்சஸ் கடைசிவரை சாதித்தார். எல்சியோ இதுவும் பொய்தான் என்றார். ஆனால் அதை எடுத்தது நான்தான் என்று இருவருமே சொன்னார்கள்! ஒரே பிளேட்டில் (அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதில் கேமராவில் போட்ட கண்ணாடித் தகடு) தெரியாமல் இரண்டு முறை படம் விழுந்திருக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். என் ஓட்டும் அதற்குத்தான். ஒருத்தி எடுத்ததன் மேலேயே இன்னொருத்தியும் எடுத்திருந்தால், உருவம் ஏன் ஊடுருவித் தெரிகிறது என்பதற்கும் விடை கிடைக்கிறது, எடுத்தது யார் என்ற வழக்கில் இரண்டு பாட்டிகளுமே பொய் சொல்லவில்லை என்றும் ஆகிவிடுகிறது.