பேர முழுசா வாசிங்கப்பா

கிராஜுவேஷன் டே சீசன் வந்தாச்சு, டைம்லைன் பூரா கருப்பு அங்கியும் பறக்குற தொப்பியுமா கெடக்கு. வாழ்த்துகள் மக்களே. கூடவே ஒரு குரூப்பு, வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன அங்கிய இந்த வெயில்ல எதுக்குப் போடுதீங்கன்னு ஆரம்பிச்சிருக்கு. பாளையங்கோட்ட வெயிலுக்கு அந்த பாலியஸ்டர் ஒத்தே வராதுங்கறது உண்மதான். 2019-லயே கைத்தறித் துணியில தைங்கன்னு யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, லெட்டர் போட்டாச்சு, நம்ம வீரவநல்லூர்ல தறியும் இருக்கு, தைச்சா நாலு குடும்பம் பொழைக்கும். ஆனா என் கோவம் அங்கி மேல இல்ல, பேரு வாசிக்கிறது மேல.

பேப்பர்ல ஃபோட்டோ வருதுல்லா, அபிஷேகப்பட்டியில யுனிவர்சிட்டி நடத்துற பட்டமளிப்பு விழா, அது வேற. அங்க ஆளுநர் கையால வாங்குறது பிஎச்டி முடிச்சவங்களும் கோல்டு மெடல்காரங்களும்தான். மத்த பிள்ளைங்களுக்கு அவங்கவங்க காலேஜ்ல நடக்குறதுதான் விழா. வீட்டுல மொத பட்டதாரியா வர்ற எங்கள மாதிரி ஆளுங்கள்ல முக்காவாசி இந்தக் கூட்டத்துலதான் நிப்போம்.

எங்கம்மா ஆலங்குளம் பக்கம், பீடி சுத்துதவ. என் விழாவுக்கு மொத நாளு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சுளக மடியில வச்சு மறுநாள் கணக்கையும் சேத்து முடிச்சுட்டா. காலைல எலுமிச்சம்பழ மூடிய வெரல் நுனியில வச்சு தேய் தேய்னு தேச்சா, தூள் வாட போணுமாம். போகல. பஸ்ல பூரா முந்தானைக்குள்ளயே கைய வச்சிருந்தா. அவ வந்தது ஒண்ணே ஒண்ணுக்குதான், மைக்ல எம்பேரு வரணும். எம்பேரு பேச்சியம்மா, சாமி பேரு, எங்க ஆச்சி பேரும் அதான். காலேஜ்ல நான் அந்தப் பேர சொல்ல வெக்கப்பட்டு சுருக்கி வேற மாதிரி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், அது தனிக் கத.

சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் பத்து நிமிசம் பேசுனாரு. அவரு எப்படி முன்னேறுனாருங்கறதுதான் முக்காவாசி. அப்புறம் நேரமின்மை காரணமாகன்னு அறிவிப்பு, டிப்பார்ட்மெண்ட் வாரியா ரோல் நம்பர் 31-லருந்து 60 வரை எந்திரிச்சு வரிசையா வாங்கன்னாங்க. வாங்குனது வெறும் ஃபைலு, உள்ள ஒண்ணும் கெடையாது, சர்டிபிகேட் ஆபீஸ்ல வந்து வாங்கிக்கணுமாம். எறங்கி வந்தா அம்மா கேக்கா, "ஏட்டி, ஒம்பேரு எப்பம் வாசிச்சாவ? நான்தான் கவனிக்கலியோ?" வாசிச்சாங்கம்மா, ஃபேன் சத்தத்துல ஒனக்குக் கேட்டிருக்காதுன்னு சொல்லிட்டேன்.

ஐநூறு பேருன்னே வச்சுக்கோங்க, ஆளுக்கு அஞ்சு செகண்டு, முக்கா மணி நேரங்கூட ஆகாது. இதுக்கு நேரமில்லையாம்.

ஒரு கூத்து சொல்லுதேன். விழா ஆரம்பத்துல எல்லாரும் எந்திரிச்சு நின்னு நீராருங் கடலுடுத்த பாடுதோம்லா, அது 1891-ல வந்த மனோன்மணீயம் நாடகத்துல உள்ள பாட்டு. எழுதுன சுந்தரனார் பேரையும் நாடகத்து பேரையும் சேத்துதான் 1990-ல நம்ம யுனிவர்சிட்டி வந்துச்சு. அந்த நாடகத்துல பாண்டிய ராசா மதுரைய விட்டு வந்து கோட்ட கட்டுறதே நம்ம திருநெல்வேலியிலதான், அவரு மக பேருதான் மனோன்மணி. கதையில வர்ற பிள்ளை பேரு சர்டிபிகேட்ல ஒரு எழுத்து கொறையாம நிக்கி. மூணு வருசம் பஸ்ல தொங்கிக்கிட்டு வந்து படிச்ச பிள்ளை பேரு மட்டும் ரோல் நம்பரா போச்சு.

இப்ப நான் வேற ஒரு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரர். சம்பளத்தப் பத்தி கேக்காதீங்க. போன வருசம் பேரு வாசிக்கிற வேலைய நானே கேட்டு வாங்குனேன். ரிகர்சல்ல ஒவ்வொருத்தரா கூப்ட்டு ஒம்பேர எப்படிச் சொல்லணும்னு கேட்டு லிஸ்ட்ல பென்சில்ல குறிச்சேன். ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து, மேடம் எம்பேருல மொத பாதி வேண்டாம், அது சுடலமாடன் பேரு, இனிஷியலும் பின் பாதியும் வாசிச்சா போதும்னா. வீட்டுலருந்து யாரு வர்றாங்கன்னேன். ஆச்சி மட்டும் மேடம்னா. நான் ஒண்ணும் சொல்லல, அவ சொன்ன மாதிரியே குறிச்சுக்கிட்டேன். வாசல் வரைக்கும் போனவ திரும்பி வந்து, "முழுசாவே வாசிச்சிருங்க மேடம்"னுட்டு ஓடிட்டா.

412 பேரு. 38 நிமிசம். விருந்தினருக்கு கால் மணி நேரந்தான்னு முன்னாடியே சொல்லியாச்சு, அவரும் ஒண்ணும் கோவிச்சுக்கல. டோக்கன் குடுத்து சாம்பார் சாதம் வாங்கும்போது சூடு கூட ஆறல.