சாய்தளம் திறந்தாச்சு, பற்றரி யார் வாங்குறது?

பாடசாலையின் விசேட கல்வி அலகில், அதாவது விசேட தேவையுள்ள பிள்ளைகளின் வகுப்பில், கொடையாகக் கிடைத்த சாய்தளத்தைத் திறந்த அந்தப் படத்தை இனி யாரும் அனுப்பவேண்டாம். பார்த்தாயிற்று. மாலை, ரிப்பன், சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சாய்தளத்தைப் பாருங்கள். விறாந்தை இரண்டடி உயரம் என்றால் சாய்தளம் 24 அடி நீளம் வேண்டும், 1க்கு 12 கணக்கு. இது எட்டடி தாண்டாது. இரண்டு பேர் தள்ளாமல் ஏறாது. படத்திலும் நாற்காலி கீழேதான் நிற்கிறது.

"நல்லது செய்தாலும் குறையா?" என்று வருவீர்கள். கொடுத்தவருக்கு நன்றி. ஒரு விசேட கல்வி அலகு கொடையை நம்பி ஓடுவதுதான் என் பிரச்சினை. இலங்கையில் கற்பித்தல் சாமான் வாங்க அரசு பாடசாலைகளுக்குத் தரும் தர உள்ளீட்டுக் காசு தலைக்கணக்கில் வருகிறது. உயர்தர விஞ்ஞானப் பிள்ளைக்கு வீதம் கூட, ஏனென்றால் ஆய்வுகூடச் செலவு கூட. அது விளங்குகிறவர்களுக்குக் காது கேளாத பிள்ளையின் செலவு மட்டும் விளங்காதாம்.

காதுக் கருவியின் பற்றரி ஒன்றிரண்டு கிழமைதான். ஒட்டியிருக்கும் தாளை உரித்துக் காற்றுப் பட்டால், போடாமல் வைத்தாலும் இறங்கும். இரண்டு காதுக்கும் வருஷத்துக்கு 50க்குக் குறையாது. பிள்ளை வளர வளர, காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்து கருவி கீச்சிடும், அச்சை மாற்றவேண்டும். பிரெயில் புள்ளி சாதாரணக் கடதாசியில் நிற்காது, தடித்தது வேண்டும். எல்லாம் தீர்ந்துபோகிற சாமான். கருவி கொடுக்க ஆள் வரும். பற்றரிக்கு யார் ரிப்பன் வெட்டுவார்?

காசும் வருஷக் கடைசியில் வந்தால், மூன்று விலைமனு, வவுச்சர் எல்லாம் டிசம்பர் 31க்குள் முடியவேண்டும். அதிபர் பக்கத்துக் கடையில் கிடைக்கிற மாக்கரையும் பிறிஸ்டல் போட்டையும்தான் எடுப்பார். அவரைத் திட்டிப் பிரயோசனமில்லை.

விசேட தேவையுள்ள ஒரு பிள்ளையை நாலு தலையாக எண்ணுங்கள். அந்தக் காசைத் தனிச் செலவுத் தலைப்பில், முதலாம் தவணையிலேயே விடுங்கள்.

"900 பிள்ளைகளின் காசைப் பிடுங்கி ஒன்பது பேருக்கா?" கணக்குப் போடுவோம். மற்றப் பிள்ளைகள் 891, ஒன்பது பேரை நாலு தலையாக எண்ணினால் 36, மொத்தம் 927 தலை. இருக்கிற அதே காசைப் பங்கிட்டாலும் மற்றப் பிள்ளைக்கு நூறு ரூபாயில் மூன்று ரூபாய்கூடக் குறையாது. மூன்று ரூபாய்! இதற்குத்தான் இவ்வளவு நியாயம் பேசுகிறீர்கள்.

"2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டில் காசில்லை." அதற்கு முதல் தந்தீர்களாக்கும்.

ஊனத்தைக் காட்டிப் பாடசாலையில் சேர்க்காமல் விடக்கூடாது என்று 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சரி, சேர்த்தாயிற்று. மலசலகூடத்துக்கு யார் கூட்டிப்போவது? உதவியாளருக்குச் சம்பளம் போடத் தலைப்பில்லை. அதனால் மூதூர், வெருகல் பக்கமிருந்து பஸ்ஸில் பிள்ளையோடு வரும் தாய்மார், கூலி வேலையை விட்டுவிட்டு, பள்ளி விடும்வரை வேப்பமரத்தடியில் குந்தியிருக்கிறார்கள். எந்தச் சூத்திரத்திலும் அவர்களின் நாள்கூலி இல்லை.

அதே படத்தின் இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு அம்மா நிற்கிறார், கையில் சாப்பாட்டுப் பை. திங்கட்கிழமை அந்த நாற்காலியை அந்தச் சரிவில் தள்ளப்போகிறவர் அவர்தான்.