பூண்டு குளிரில் செத்துப்போகாது

"கனடாவில் பூண்டை ஏப்ரலில்தான் நடணும், அக்டோபரில் நட்டால் உறைந்து செத்துவிடும்" என்று டொராண்டோ பக்கம் தோட்டம் போடும் நம்மவர்களிடையே ஒரு செய்தி சுற்றுகிறது. தப்பு.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பூண்டு நடும் காலமே செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய. நிலம் உறைந்து இறுகுவதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அங்கே அதிகம் போடுகிற கெட்டித்தண்டுப் பூண்டுக்குச் சில வாரமாவது நல்ல குளிர் கிடைத்தால்தான் பல் பல்லாகப் பிரியும், அது கிடைக்காமல் வசந்தத்தில் நட்டவர்களுக்குக் கோடையில் தோண்டும்போது பல் பிரியாத ஒற்றை உருண்டைதான் பல நேரம் கையில் வருகிறது. (அதுவும் சமையலுக்கு ஆகும், வீசிவிட வேண்டாம்.)

கூர்முனை மேலே இருக்க 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மேலே வைக்கோலைத் தாராளமாகப் பரப்புங்கள். பனி உருகியதும் பல் அழுகிக் கிடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீர் தேங்கும் களிமண்ணை, குளிரை அல்ல.

சரி, வெங்காயம்? அந்தச் செய்தி அதற்கு ஓரளவு பொருந்தும். நாற்றோ விதை வெங்காயமோ, ஏப்ரலில் மண் இளகியதும் நடுவதுதான் அங்கே வழக்கம். சின்ன வெங்காயத்தை மட்டும் சிலர் அக்டோபரிலேயே ஊன்றி வைக்கோலால் மூடிவிடுகிறார்கள்.