அந்த "ஏதோ மண்டபம்" பற்றி

வெளியூர்க்காரர் ஒருவர் எடுத்துப் போட்ட மாமல்லபுரம் லைட் ஹவுஸ் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேலே ஏறினார், கடலைக் காட்டினார், தலையைக் கோதிக்கொண்டார். இருக்கட்டும். கடைசியில் பக்கத்துப் பாறையைக் கைகாட்டி, "அது ஏதோ இடிந்த மண்டபம், நேரத்தை வீணாக்காதீர்கள்" என்றாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஐயா, அந்த "ஏதோ"தான் பழைய கலங்கரை விளக்கம். இப்போதுள்ள கல் கோபுரம் முழுமையாக இயங்கத் தொடங்கியது 1904இல். அதற்கு முன் ஆங்கிலேயர்கள் விளக்கு ஏற்றி வைத்தது அந்த ஒலக்கணேஸ்வரர் கோயிலின் தலையில். கோயிலோ எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் பணி. விமானத்தின் மேல்பகுதி போய் மொட்டையாக நிற்கிறது, உண்மைதான். ஆனால் அடியில் இருப்பது மகிஷாசுரமர்த்தினி குகை. ஒரு சுவரில் சிங்கத்தின் மீதமர்ந்து துர்க்கை வில்லை வளைக்கிறாள், எருமைத்தலையன் கதாயுதத்தோடு பின்வாங்குகிறான். எதிர்ச்சுவரில் பெருமாள் பாம்பணையில் நிம்மதியாகத் தூங்குகிறார். இது நேர விரயம் என்றால், இவர் எதைப் பார்க்கத்தான் அந்த ஊருக்கு வந்தார்?

செல்ஃபி எடுப்பது குற்றமா என்று சண்டைக்கு வருவீர்கள். தாராளமாக எடுங்கள், டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி லைட் ஹவுஸைப் பல ஆண்டுகள் பூட்டி வைத்து 2011இல்தான் மறுபடி திறந்தார்கள். ஆசை இருக்கத்தான் செய்யும். அறிவிப்புப் பலகைகள் போதாது என்பதும் சரி. அதற்காக, தெரியாததை எல்லாம் "ஏதோ" என்று ஒதுக்குவதா? தெரியாவிட்டால் சும்மா இருக்கலாமே.

"ஜிபிஎஸ் காலத்தில் லைட் ஹவுஸே வெறும் காட்சிப்பொருள்தானே அக்கா" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, என் மாமா பக்கத்து மீனவ ஊரான கொக்கிலமேட்டில் கடலுக்குப் போனவர். ஒவ்வொரு விளக்குக்கும் மின்னும் கணக்கு வேறு. இருட்டில் விளக்கு ஒருமுறை மின்னியதற்கும் அடுத்ததற்கும் நடுவே விரல் மடக்கி எண்ணி, "இது நம்ம விளக்குதான்" என்று படகைத் திருப்புவாராம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதும் விரல்கள் தானாக மடங்கும். அத்தை கேலி செய்வார். பேட்டரி தீர்ந்த கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி நடுக்கடலில் இருந்து பாருங்கள், காட்சிப்பொருள் எது என்று புரியும்.

"அவருக்குப் பார்வையாளர்கள் அதிகம், உங்களுக்குப் பொறாமை" என்றும் ஒருவர் சொல்லிவிட்டார். பொறாமையாம்! ஊர்க்காரர்கள் வாய் வலிக்கச் சொன்னால் "பழம்பஞ்சாங்கம்", வெளியூரிலிருந்து வந்தவர் அரைநாளில் தீர்ப்பு எழுதினால் "வழிகாட்டி". நன்றாக இருக்கிறது நியாயம். மாமாவிடம் அந்தக் காணொளியைக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தப் பையனுக்கு நீச்சல் தெரியுமா?"