மாமாவின் பல் செட்

கோடை விடுமுறைக்கு வாட்டர் பார்க் போனால் அலைச்சலே இல்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். போன மே மாதம் நாங்கள் ஒன்பது பேர் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஒன்றுக்குப் போனோம். பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம். நூல் பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும் என்றார்கள். சரி, நியாயம்தான். அதை வேட்டி கட்டி வந்த மாமாவிடம் யார் சொல்வது? வாடகைக்குக் கிடைத்தது முழங்காலுக்கு மேலே நிற்கும் பச்சை நைலான் டிரவுசர். அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் அறையை விட்டு வெளியே வரவே இல்லை மனிதர். அப்புறம் வந்தார். வந்த வேகத்தில், இயந்திரத்தால் அலை எழுப்பும் அலைக்குளத்தில் பல் செட்டைத் தொலைத்தார். விசில் ஊதி, அலையை நிறுத்தி, காவலுக்கு நின்ற பையன் மூன்று தடவை முங்கி எடுத்துக் கொடுத்தான். நல்ல பிள்ளை. லாக்கர் சாவிதான் கடைசிவரை கிடைக்கவில்லை, முன்பணம் போச்சு. கொண்டுபோன புளியோதரையை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். சாயங்காலம் வேனில் உட்கார்ந்து அதைத்தான் சாப்பிட்டோம். மாமா பல்லை இரண்டு பாட்டில் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, அத்தை பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.