என் மீட்டர், என் பார்க்கிங், நடுவில் ஒரு வயர்

மின்சார கார் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் ரேஞ்சைப் (ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை) பற்றியோ கம்பெனியைப் பற்றியோ பேசுவதில்லை. "உங்க வீட்டு மீட்டரிலிருந்து உங்க பார்க்கிங் வரைக்கும் ஒரு வயர் இழுக்க முடியுமா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். தனி வீட்டுக்காரர் உடனே முடியும் என்பார். அபார்ட்மென்ட்காரர் கொஞ்சம் யோசிப்பார், அப்புறம் "அசோசியேஷனில் கேட்கணும்" என்பார். சென்னையில் நிறைய பேருடைய கார் ஆசை அந்த இடத்திலேயே நின்றுபோகிறது. இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். வீட்டில் சார்ஜ் போட பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. டியாகோ, நெக்ஸான், காமெட் போன்ற கார்களை ஏசிக்கும் கீசருக்கும் போடும் அதே பெரிய பவர் பிளக்கில் 3.3 கிலோவாட்டில் சார்ஜ் போடலாம். வீட்டில் ஏசியும் கீசரும் சேர்ந்து ஓடினால் ஆகும் மின்சாரம் அது, அவ்வளவுதான். நகரத்துக்குள் ஓட்டும்போது ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6 கிலோமீட்டர் கிடைக்கும். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஏழு யூனிட் போதும். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே சார்ஜில் இருந்தால் சரி. இரவு பத்து மணிக்கு மாட்டினால் விடியற்காலை வரை எட்டு மணி நேரம் இருக்கிறது. சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜரான வால் பாக்ஸ் நல்ல வசதிதான், ஆனால் அதற்கு 32 ஆம்பியர் லைன் வேண்டும், மின்பளுவையும் (உங்கள் இணைப்புக்கு ஈபி அனுமதித்த கிலோவாட் அளவு) கூட்ட வேண்டும். தினமும் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது தேவை. மற்றவர்கள் அதற்காக ஈபி ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டியதில்லை.

செலவுக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, ஷோரூமில் அதைச் சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் படிப்படியாக ஏறும் கட்டணம். முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கணக்கே மாறிவிடும், 1000-ஐத் தாண்டினால் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 330 யூனிட் வரை கூடும். அந்த யூனிட்டெல்லாம் இலவசப் படியில் விழாது, உங்கள் பில்லின் உச்சியில்தான் ஏறி உட்காரும். அதனால் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்படிப் பார்த்தாலும் கிலோமீட்டருக்கு ஒண்ணே முக்கால் ரூபாய்க்குள் அடங்கிவிடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. வெளியே இருக்கும் வேகமான சார்ஜிங் நிலையத்தில் யூனிட் விலையே பெரும்பாலும் அந்தப் பத்து ரூபாயைப்போல இரண்டு மடங்கை ஒட்டி வரும். அதாவது, வீட்டில் சார்ஜ் போட முடிகிறவருக்குத்தான் மின்சார கார் உண்மையில் மலிவு. முடியாதவர் காருக்கு லட்சக்கணக்கில் கூடுதல் விலையும் கொடுத்து, ஓட்டும் செலவில் அவ்வளவு லாபமும் பார்க்காமல், நிலையத்தில் வரிசையில் வேறு நிற்க வேண்டும். அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு "வேண்டாம்" சொல்லும்போது அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

நான் இருக்கும் குடியிருப்பில் இந்தப் பேச்சு பல மாதம் நடந்தது. வந்த ஆட்சேபங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன், சொன்னவர்களும் நல்ல மனிதர்கள்தான். காமன் கரண்டைத் திருடிவிடுவார்கள் என்றார்கள். வயர் அவரவர் மீட்டரிலிருந்து வந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பொது இடத்தில் தனியார் வயர் எப்படிப் போகலாம் என்றார்கள். ஏசி பைப்பும் இன்டர்நெட் கேபிளும் டிஷ் வயரும் ஏற்கெனவே அதே சுவரில்தான் போகின்றன. இதை ஒழுங்காக ஒரு ட்ரேயில் கட்டிக் கொண்டுபோனால் அவற்றைவிடப் பார்க்க நன்றாகவே இருக்கும்.

உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான் வந்தது. "இன்னைக்கு ரெண்டு பேர் கேட்கிறீங்க, நாளைக்கு அறுபது வீடும் கேட்டா டிரான்ஸ்பார்மர் தாங்குமா?" நியாயமான கேள்வி. அறுபது கார் ஒரே நேரத்தில் 3.3 கிலோவாட் இழுத்தால் கிட்டத்தட்ட 200 கிலோவாட் ஆகிறது. பல குடியிருப்புகளின் டிரான்ஸ்பார்மருக்கு அது பெரிய சுமைதான். ஆனால் ஒவ்வொரு காருக்கும் இரவில் வேண்டியது இரண்டு, மூன்று மணி நேரம். எல்லோருக்கும் ஒரே இரண்டு மணி நேரம்தான் வேண்டும் என்றில்லை. ஏறக்குறைய எல்லா காரிலும் எத்தனை மணிக்கு ஆரம்பிக்க வேண்டும் என்று நேரம் குறித்து வைக்கலாம். ஒரு பிளாக்கார் பதினொரு மணிக்கு, அடுத்த பிளாக்கார் இரண்டு மணிக்கு என்று பிரித்துக்கொண்டால் சுமை பாதியாகக் குறைந்துவிடும். இன்னும் நிறைய கார் வந்தால், இருக்கும் மின்சாரத்தைப் பார்த்து ஒவ்வொரு காருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் சார்ஜர்களும் இருக்கின்றன. அந்தக் கேள்விக்கு விடை முதல் இரண்டு பேரைத் தடுப்பதில் இல்லை. அவர்கள் வயர் இழுக்கும்போதே அறுபது பேருக்கும் போதுமான அகலத்தில் கேபிள் ட்ரே போட்டுவிடுவதில் இருக்கிறது. தனித்தனியாக அறுபது முறை சுவரைத் துளைப்பதைவிட இது எல்லோருக்கும் மலிவு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சார்ஜ் போடுவது மின்சாரம் விற்பது ஆகாது, அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் இணைப்பிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று பிறகு வந்த வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி அடுக்குமாடியில் இருப்பவர் கேட்டால் கார் சார்ஜிங்குக்குத் தனி இணைப்பே கொடுக்க வேண்டும். ஆனால் மின்வாரியம் இணைப்பைக் கொடுத்தாலும் பார்க்கிங் வரை வயர் போகப் பொதுச் சுவர்தான் வேண்டும், அங்கே அசோசியேஷன் கையெழுத்தில் விஷயம் நின்றுவிடுகிறது. ஜெர்மனியில் 2020 டிசம்பரில் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். அடுக்குமாடியில் வீடு வைத்திருப்பவர் சார்ஜிங் வசதி கேட்டால் மற்ற உரிமையாளர்கள் எப்படிச் செய்யலாம் என்று தீர்மானிக்கலாம், அடியோடு மறுக்க முடியாது. எனக்கு இதுதான் சரியான கோடு என்று தோன்றுகிறது. வயர் எந்த வழியாகப் போக வேண்டும், எந்தத் தரத்தில் இருக்க வேண்டும், யார் வேலை செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அசோசியேஷன் சொல்லட்டும். கூடாது என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் இதை விதியாகவே எழுதி வைத்தால் நூற்றுக்கணக்கான வாட்ஸ்அப் குழுக்களில் சண்டை ஓயும்.

தீ பற்றிய பயத்தை மட்டும் நான் வாதம் பண்ணித் தள்ளமாட்டேன். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து ஓர் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்தவர் பயப்படாமல் எப்படி இருப்பார்? அதற்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்புக்கான தரவிதிகளை அரசு கடுமையாக்கியது. நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஸ்கூட்டரை வாசற்படியிலோ மாடிப்படியின் கீழோ, வெளியே ஓடும் வழியை அடைத்தபடி சார்ஜ் போடாதீர்கள். காருக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் 14 ஆம்பியரை மணிக்கணக்காக விடாமல் இழுக்கும். மலிவான சாக்கெட் அதைத் தாங்காமல் உள்ளேயே கருகும். தனி லைன், தனி எம்சிபி (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே அணைப்பது), குறைந்தது 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் என்று கேட்டு வாங்குங்கள். மீட்டர் ரூம் 50 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் 6 ஸ்கொயருக்குப் போய்விடுங்கள்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தொல்லை அங்கேதான். பழைய குடியிருப்புகளில் பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது, இருந்தாலும் எர்த் குழி வருஷக்கணக்கில் காய்ந்து கிடக்கும். ஏசி அதை ஒன்றும் சொல்லாமல் ஓடும். கார் சார்ஜர் ஓடாது, சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். உடனே காரில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கார் வாங்காத வீட்டுக்கும் அந்த எர்த் குழிதான் உயிர்க் காப்பு. கார் வந்த சாக்கில் முழுக் கட்டடத்தின் எர்த்தும் சரியாவது அசோசியேஷனுக்கே நல்லது.

வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2015-லும் 2023 மிக்ஜாமிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று உங்கள் பார்க்கிங் தூணில் கறை இருந்தால், சாக்கெட் அதற்கு மேலே இருக்கட்டும். மழை எச்சரிக்கை வந்ததும் அந்த எம்சிபியை இறக்கிவிடுவது யார் பொறுப்பு என்று செக்யூரிட்டியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களின் நிலைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அசோசியேஷன் கூட்டத்தில் அவர்களுக்கு ஓட்டு இல்லை, வீட்டுக்காரர் ஊரில் இருக்க மாட்டார், பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு யார் காப்பர் வயர் இழுப்பார்கள்? வீட்டுக்காரர்களே, ஒரு தடவை லைன் போட்டுவிட்டால் அது உங்கள் வீட்டோடு இருக்கும், அடுத்து வருகிறவருக்கும் பயன்படும். புதிதாகக் கட்டும் பில்டரிடமும் மீட்டர் ரூமிலிருந்து ஒவ்வொரு பார்க்கிங்குக்கும் ஒரு காலி பைப்பாவது போடச் சொல்லுங்கள். கான்கிரீட் போடும்போது அது பெரிய செலவில்லை. மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019-லேயே பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்கு இந்த ஏற்பாடு வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். எனக்கு அந்த 20 சதவீதமே போதாது. பைப் எல்லா இடத்துக்கும் போக வேண்டும்.

உங்கள் குடியிருப்பில் கேட்கப்போகிறீர்கள் என்றால் வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை வயர் போகும் வழியை ஒரு படமாக வரைந்து, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிகல் கான்ட்ராக்டரின் கொட்டேஷனையும், உங்கள் இணைப்பின் மின்பளு தெரியும்படி ஈபி பில் நகலையும், 2024 விதித் திருத்தத்தின் பக்கத்தையும் சேர்த்துக் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். படம் எப்படி வரைவது என்று தெரியாதவர்கள் கமென்ட்டில் உங்கள் கட்டட அமைப்பைச் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்தவரை உதவுகிறேன்.