கேத்தி ஸ்டேஷனோடு நின்றுவிட வேண்டாம்

நீலகிரியில் எடுத்த பழைய படங்களைப் பற்றிய கட்டுரை அருமை. ‘மூன்றாம் பிறை’ (1982) கடைசிக் காட்சி எடுத்த கேத்தி ரயில் ஸ்டேஷனை மறக்காமல் சேர்த்ததற்குத் தனி நன்றி. நானும் குன்னூர்க்காரன்தான், பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் சேர்ப்பவன். சாணித்தாளில் நாலைந்து பக்கம், கதைச்சுருக்கம் பாதியில் நின்று, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். அந்த வரியைப் படித்தால் இன்றைக்கும் மனசு டிக்கெட் கவுன்டருக்கு ஓடிவிடும்.

ஆனால் லொகேஷனில் செல்ஃபி எடுத்ததும் எல்லோரும் இறங்கிப் போய்விடுகிறார்களே என்றுதான் ஆதங்கம். ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். அந்தப் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை. மலை ரயில் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அவ்வளவு கனத்தை மேலே ஏற்றியிருக்கிறார்கள்!

எல்லாவற்றையும்விட எனக்கு உயிர், நீலகிரிப் பழங்குடிகளான ஆலு குறும்பர்களின் ஓவியம். வேங்கை மரப் பிசினின் செம்பழுப்பில் மெல்லிய கோடுகளாக ஆட்கள், பாறையில் தொங்கித் தேனெடுக்கும் காட்சிகள். கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை, கரிக்கையூர் பாறை ஓவியங்களோடு சேர்த்துப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். இன்று வரைகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அடுத்த கட்டுரையில் அவர்களுக்கு இடம் கொடுங்கள், படங்களையும் பெரிதாகப் போடுங்கள்.